தழைப் பிள்ளையாரும் அம்மாவின் குடமும்

நாங்கள் ஓடிப்போனோம் என்றுதான் இரண்டு தோட்டத்திலும் இன்றைக்கும் பேச்சு. ஓடவில்லை. நடந்துதான் போனோம். அந்த ஏற்றத்தில் யாராலும் ஓட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூடுபனி பாதி விலகியிருந்தது. அம்மாவின் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவளாகக் கிளம்பினேன். ஊற்றைத் தாண்டியும் நடந்தேன். வழியில் பார்த்தவர்கள், "எங்க புள்ள?" என்று கேட்டார்கள். "தண்ணிக்கு" என்றேன். குடத்தோடு போகிறவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனாலேயே குடத்தை வழியில் எங்கும் வைத்துவிட்டுப் போகவும் முடியவில்லை.

பாதி ஏற்றத்தில் அவர் காத்துக்கொண்டிருந்தார். வீட்டை விட்டு வந்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கொடத்த எதுக்கு எடுத்தாந்த?" என்பது. நியாயமான கேள்விதான்.

அவர் பெயர் ராமையா. இத்தனை வாரமாக "அவர்", "எங்கள் வீட்டுக்காரர்" என்றே எழுதி வந்தேன். பெயரில்லாமல் யாரென்று தெரியவில்லை என்று பத்திரிகையிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி அவர் என்றே இருக்கட்டும்.

பஸ்ஸில் ஒரு நாள், காலால் அரை நாள்

எங்கள் தேயிலைத் தோட்டம் பொகவந்தலாவைப் பக்கம். அவருடையது டயகமப் பக்கம். நடுவில் ஒரு மலைமுகடு. பஸ்ஸில் போவதென்றால் நோர்வூட், ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனை என்று சுற்றிக்கொண்டு விடிய ஏறினால் பொழுது சாய இறங்கலாம், பஸ் வந்தால். குறுக்குப்பாதையில் நடந்தால் அரை நாள்.

அந்தப் பாதை தேயிலைக்குள் ஏறி, காட்டுக்குள் நுழைந்து, மேலே வெறும் மானாப்புல்லில் வெளியே வரும். வழியெல்லாம் ஊற்று. எங்கள் பக்கம் அடிவாரத்தில் கல்லூத்து. பாறை இடுக்கிலிருந்து வரும் தண்ணீர், பல் கூசும். முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் துரை ஊத்து, அதற்குக் கீழே அட்டை ஊத்து.

துரை ஊத்துக்கு அந்தப் பெயர் வந்தது, முன்னொரு காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை அங்கே உட்கார்ந்து பாண் சாப்பிட்டதால். ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டாராம். நாங்கள் ஆயுசு முழுக்கக் குடித்த ஊற்றுக்கெல்லாம் எங்கள் பெயரை யாரும் வைக்கவில்லை.

அட்டை ஊத்தின் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. கால் முழுக்கச் சவுக்காரம் தடவிக்கொண்டு போவோம். அட்டைகளுக்கு அது பழகிப்போயிருந்தது.

இப்போது முதுகில் பெரிய பையும் கையில் கம்புமாக இளவட்டங்கள் அந்தப் பாதையில் வருகிறார்களாம். எதற்கு என்று கேட்டால், சும்மா நடக்கத்தான் என்கிறார்களாம். எங்கள் காலத்தில் சும்மா நடந்தது துரைமார் மட்டும்தான். ஒரு துரை இரண்டு நாயோடு முகடு வரைக்கும் போய், ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் திரும்பி வருவார். விறகாவது பொறுக்கி வந்திருக்கலாமே என்று பெண்கள் பேசிக்கொள்வோம்.

முகட்டில் இரண்டு தோட்டத்துக்கும் எல்லை. எல்லைக் கான் என்ற வாய்க்காலுக்கு மேலே, யார் மண் என்று தெரியாத ஒரு துண்டு இடத்தில் பிள்ளையார் இருக்கிறார். கருங்கல்தான், உற்றுப் பார்த்தால் தும்பிக்கை தெரியும். அவரைத் தாண்டுகிறவர்கள் ஒரு பச்சைத் தழையாவது போடாமல் போகக் கூடாது. அதனால் தழைப் பிள்ளையார் என்று பெயர். மேலே மரமே கிடையாது. கீழேயே கொத்து ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

இந்தத் தழையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தண்ணி

கல்லூத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேற்றுத் தோட்டத்து ஆள் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. எங்கள் தோட்டத்து ஆள் சிரட்டையால் மொண்டு ஊற்றினால்தான் குடிக்கலாம். குடத்தை நேரே அமுக்கக் கூடாது. எங்களுக்கும் அதே சட்டம்தான்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் நடந்து வந்தார். ஊற்றில் நான் நின்றேன். மொண்டு ஊற்றினேன். இரண்டு கையையும் குவித்துக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார். எங்கள் காதலில் அவர் பேசிய வசனம் மொத்தமும் அவ்வளவுதான். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு வந்தபோதும் அதையே சொன்னார்.

என்னைத் தாய்மாமன் மகனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். அவன் நல்லவன். நான் போனதைக் கேள்விப்பட்டு அவன் பெரிதாக வருத்தப்படவும் இல்லை. வருத்தமெல்லாம் அம்மாவுக்குத்தான். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். கொழுந்து பறித்து என்னைத் தனியாக வளர்த்தவள் அவள். தன் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று என்று அவளுக்கு ஆத்திரம்.

லயத்து வரிசை வீடு அத்தனைக்கும் கேட்கும்படி சொன்னாளாம்: "இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன். அந்தத் தோட்டத்து மண்ண மிதிக்க மாட்டேன். அவ போனாலும் போறா, கொடத்தையும்ல கொண்டு போயிட்டா!"

அந்தக் கடைசி வரியைத்தான் இரண்டு தோட்டத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

காதில் சீழ்

அவர் ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். நான் அந்தத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்துக்குப் போனேன். ஒரு வருஷத்துக்குள் வயிற்றில் பிள்ளை வந்தது. கூடவே வாந்தியும் வந்தது.

சோறு நிற்கவில்லை. ரொட்டி நிற்கவில்லை. லயத்துப் பீலியிலிருந்து வரும் தண்ணீரில் இரும்புக் குழாய் வாடை. அதை நினைத்தாலே குமட்டும். "என்னதான்டி வேணும் ஒனக்கு?" என்று எங்கள் அறைக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்த மீனாட்சி அக்கா கேட்டாள்.

"கல்லூத்துத் தண்ணி" என்றேன்.

எனக்கு வேண்டியிருந்தது அம்மா. அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை. தண்ணீர் என்று சொன்னேன்.

மீனாட்சி அக்கா அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவர் வேலை முடிந்து வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, புள்ளைக்குக் காது வேணுமா வேணாமா?"

"வேணும்க்கா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முகட்டைத் தாண்டிப் போனார். ஞாயிறுதோறும் அம்மா ஊற்றுக்குப் பக்கத்துக் கல்லில் துணி வெளுப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவளைத் தவிர்த்துத் தண்ணீர் எடுக்க முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு என்று கேட்டால் அவளால் மறுக்கவும் முடியாது. நான் கணக்குப் போட்டுத்தான் அனுப்பினேன்.

முக்கால் குடம்

எனக்கு ஒரே கவலைதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதம் தாய் வந்து, சோறு ஆக்கிப் போட்டு, வளையல் அடுக்கி, வெற்றிலை பாக்கு வைத்து மகளை அழைத்துப் போக வேண்டும். அழைக்காமல் மகள் தானாகப் போய் நிற்க முடியாது. போனால் அந்தக் கேவலம் பிள்ளைக்கும் சேர்ந்து ஒட்டும். லயத்தில் எல்லோரும் வாயைத் திறந்து கேட்காவிட்டாலும் என் கையைப் பார்த்தார்கள். கையில் வளையல் ஏறுமா, ஏறாதா?

முதல் வாரம் அவர் பொழுது சாயத் திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. குடத்தில் முக்கால்தான் இருந்தது.

"அம்மா இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"தண்ணி ஊத்தினாங்களா?"

"மொண்டு மொண்டு நெறைய ஊத்தினாங்க."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"வழியெல்லாம் சிந்திக்கிட்டு வந்துருக்கீங்களே, கொடத்து வாயில ரெண்டு தழையப் போட்டுக்கிட்டு வரக் கூடாதா?"

"தழையோடதான் வந்தேன். பிள்ளையாருக்குப் போட்டுட்டேன். மேல ஏறயில ஒரு கை கொடத்துல, ஒரு கை புல்லுல. இன்னொரு கொத்து ஒடிக்க மூணாவது கைக்கு எங்க போறது?"

அதிலும் தப்புச் சொல்ல முடியவில்லை. தண்ணீரைக் குடித்தேன். வயிற்றில் நின்றது. அன்று ராத்திரி ரொட்டியும் நின்றது. அழுகை மட்டும் நிற்கவில்லை.

ஞாயிறு தவறாமல் போனார். மழை பெய்தாலும் போனார். ஒவ்வொரு வாரமும் முக்கால் குடம் வந்தது. ஒவ்வொரு வாரமும் நான் அதையே கேட்டேன். அவரும் அதையே சொன்னார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

அம்மாவின் மனசு இவ்வளவு கல்லா என்று நினைத்துக்கொண்டேன். பெற்றவள், ஒரு வெல்லக்கட்டியாவது முடிந்து கொடுத்திருக்கலாம். தண்ணீர் யாரோ வழிப்போக்கனுக்கும் ஊற்றுகிறதுதானே. எனக்கு வந்த கோபத்தில், ஒரு வாரம் குடத்தைத் தொடாமல் பீலித் தண்ணீரையே குடித்துப் பார்த்தேன். பீலி ஜெயித்தது. மறுபடியும் குடத்துக்கே வந்தேன்.

ஆறு முடிந்து ஏழாம் மாதம் பிறந்தது. மீனாட்சி அக்கா, "நானே சோறாக்கிப் போட்டுர்றேன்டி. நானும் ஒனக்கு ஒரு தாய்தானே" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். அவள் சோறாக்கிப் போட்டால், எனக்கு அம்மா இல்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"நீயும் வர்றியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் குடத்தைக் கழுவிக்கொண்டே, "நீயும் பிள்ளையார் வரைக்கும் வர்றியா?" என்றார்.

அவர் இப்படிக் கூப்பிடுகிற ஆள் இல்லை. "எதுக்கு?" என்றேன்.

"சும்மா" என்றார். துரைமார் பழக்கம் இவருக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

மீனாட்சி அக்கா வாசலில் நின்று இரண்டு பேரையும் திட்டினாள். "வயித்துப்புள்ளைக்காரிய மலை ஏத்துறியே, நீ மனுசனா?" என்று அவள் கேட்டது அட்டை ஊத்து வரைக்கும் கேட்டது. நான் எப்படியும் போவதென்று முடிவு செய்துவிட்டேன். முகட்டில் நின்றால் அந்தப் பக்கம் எங்கள் லயத்துத் தகரக்கூரை தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு யாரும் வெற்றிலை வைத்து அழைக்க வேண்டியதில்லை.

உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். துரை ஊத்தில் முகம் கழுவினேன். அவர் முன்னால் போய், திரும்பி வந்து, கை கொடுத்து, மறுபடி முன்னால் போனார். அந்தப் பாதையை அவர் அன்று என்னைவிட இரண்டு மடங்கு நடந்திருப்பார்.

மேலே ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. கீழே எங்கள் பள்ளத்தாக்கு பனிக்குள் கிடந்தது, கூரை தெரியவில்லை. அதற்காகவா இத்தனை ஏற்றம் ஏறினேன் என்று அலுத்துப்போய், கையிலிருந்த கொத்தைப் பிள்ளையாருக்குப் போடக் குனிந்தேன்.

பிள்ளையார் காலடியில் போகிற வருகிறவர்கள் போட்ட கொத்துகள் காய்ந்து குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவில், கொத்து மாதிரி இல்லாமல், சின்னச் சின்னக் கட்டுகள். காட்டுச்சேம்பு இலையில் சுருட்டி, வாழைநாரால் கட்டியவை. சில கறுத்துச் சுருங்கியிருந்தன. மேலே கிடந்ததில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது. நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே சொருகியிருந்தது. அந்தக் கட்டு எனக்குத் தெரியும். விடிய வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது என் ரொட்டியை அம்மா அப்படித்தான் கட்டித் தருவாள்.

ஒன்றைப் பிரித்தேன். வல்லாரை. இன்னொன்றில் இஞ்சியும் வெல்லமும். வெல்லத்தை எறும்பு தின்றது போக மிச்சம். மேலே கிடந்த கட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டு மஞ்சள்.

"இதெல்லாம் என்னங்க?" என்றேன்.

"கொடத்து வாயில ஒங்கம்மா வச்சு அடைக்கிற தழை" என்றார்.

"ஒண்ணையாச்சும் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"சிந்தாம இருக்கத்தான் வச்சாங்கன்னு நெனச்சேன். பிள்ளையாருக்குப் போட்டப்பொறம் அவரு சாமான எப்படிப் பிரிக்கிறது?"

எனக்கு அவரை அப்படியே பிடித்து உருட்டிவிட வேண்டும் போலிருந்தது. இரண்டு பக்கமும் நல்ல சரிவு.

"எங்கம்மா இத்தன வாரமா ஒண்ணுமே சொல்லலயா?"

"எங்கிட்ட சொல்லலன்னுதானே சொன்னேன். ஊத்துக்கிட்டதான் சொல்லுவாங்க. தண்ணிய மொண்டுக்கிட்டே, 'ஒருத்திக்கு வாந்தி நின்னுச்சோ என்னமோ'ம்பாங்க. மாமியா ஊத்துக்கிட்ட பேசயில மருமகன் குறுக்க பேசுறது மரியாதையா?"

"போன வாரம் என்ன சொன்னாங்க?"

"'அடுத்த ஞாயித்துக்கெழம பிள்ளையார் வரைக்கும் வருவேன், அதுக்கு அந்தாண்ட ஒரு அடி வைக்க மாட்டேன்'னு ஊத்துக்கிட்ட சொன்னாங்க."

நான் அவரையே பார்த்தேன்.

"அதான் ஒன்னயக் கூட்டியாந்தேன்" என்றார்.

பிள்ளையார் நடுவில்

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு தூக்குச்சட்டி வந்தது. பிறகு அம்மா வந்தாள். தலையில் கம்பளி, வெறுங்கால், மூச்சு வாங்கியது. மெலிந்துபோயிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லைக் கானுக்கு அந்தப் பக்கமே நின்றபடி, பிள்ளையாரிடம் பேசினாள்.

"பிள்ளையாரப்பா, மருந்து அனுப்பிச்சேன், பதில் இல்ல. வெத்தில வச்சுக் கூப்புட்டேன், சரின்னு ஒரு வார்த்த இல்ல. பெத்தவ அவ்வளவு வேண்டாதவளாப் போயிட்டாளான்னு நீயே கேளு."

நானும் பிள்ளையாரிடமே சொன்னேன். "பிள்ளையாரப்பா, வெத்தில ஒங்கிட்டதான் இருக்கு. மருந்தும் ஒங்கிட்டதான் இருக்கு. எனக்கு வெறும் தண்ணிதான் வந்துச்சு. எங்கம்மாவ நீயே பாக்கச் சொல்லு."

அம்மா குனிந்து பார்த்தாள். ஒரு கட்டை எடுத்தாள். அவள் கட்டிய கட்டு. இன்னொன்றை எடுத்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்து, என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவரை நேராகப் பார்த்தாள். அவர் காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைக் கம்பளியால் பொத்திக்கொண்டாள். அது எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நானும் அழுதுகொண்டிருந்தேன். அவள் கானைத் தாண்டவில்லை. நான்தான் தாண்டினேன். என் வயிற்றில் கை வைத்தாள். கை சில்லென்றிருந்தது. எடுக்கவேயில்லை.

"எளச்சுப் போயிட்டியேடி" என்றாள். அந்த வார்த்தை பிள்ளையாருக்கு இல்லை; எனக்கு.

வளைகாப்பு அங்கேயே நடந்தது. பொகவந்தலாவை பஜாரில் நானா கடையில் வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையல். குளிரில் விறைத்த கையில் ஏறவில்லை. அம்மா தன் கையால் தேய்த்துச் சூடாக்கி ஏற்றினாள். தூக்குச்சட்டியில் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் இருந்தன. தோட்டமே கூடி நடக்க வேண்டிய சடங்கு. பிள்ளையாரைத் தவிர யாரும் வரவில்லை.

பெண்கள் சடங்கில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று அவர் தானாகவே விலகி, டயகமப் பக்கம் ஓரமாகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு காற்றில் நின்றார். குடம் தோளிலேயே இருந்தது. யாரும் இறக்கச் சொல்லவில்லை, அவரும் இறக்கவில்லை.

அம்மா இலையில் சோறு வைத்தாள். என் முன்னால் ஒன்று. இன்னொன்றை எதிரில் வைத்தாள். பிள்ளையாருக்குத்தான் என்று நினைத்தேன்.

"காத்துல எதுக்கு நிக்கிறீங்க? கொடத்த எறக்கி வச்சிட்டு வந்து சாப்புடுங்க, மாப்ள" என்றாள்.

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு, அம்மா வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.